தொண்டை அடைப்பான் வார்டு

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், அஜ்மத் பேகத்தின் தெருவில் இரண்டு பிள்ளைகள் தொண்டை அடைப்பானில் செத்துப்போனார்கள். முதலில் காய்ச்சல், பிறகு கழுத்து வீங்கும், தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்து மூச்சை அடைத்துவிடும். அவளுடைய ஒரே மகள் மெஹருவுக்கு மூன்று வயது. இந்த நோய்க்குப் போட வேண்டிய மூன்று தடுப்பூசிகளில் ஒன்றுதான் போட்டிருந்தது. அது போட்ட அன்றைக்குக் குழந்தை காய்ச்சலில் அனத்தியதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஊசிக்கு அழைத்துப் போகாமல் விட்டவள் அஜ்மத்தான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் சந்திரம்மாள் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவள். தனி வார்டில் பிள்ளைகளோடு இருக்கும் தாய்மார்களுக்கு மாஸ்க் போதவில்லை என்று அவள் சொன்னபோது, நான் தைத்துத் தருகிறேன் என்று அஜ்மத் சொல்லிவிட்டாள். வளையல் கடை வைத்திருந்த அவள் கணவர் அப்துல் ரசாக், தன் வெள்ளை வேட்டிகள் நான்கை எடுத்துக் கொடுத்தார். ஆனால் வார்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும் என்றார். அவளுக்கும் அதற்கு மேல் போக உத்தேசமில்லை.

மூன்று மடிப்பாக வெட்டி, மூலைக்கு ஒரு நாடா வைத்து, நாற்பது தைத்தாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைத்துக் கொண்டுபோனாள்.

மூட்டையை வாங்க வாசலுக்கு யாரும் வரவில்லை. உள்ளே சந்திரம்மாள் ஒரு பையனுக்கு ஊசி போடத் தவித்துக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாஞ்சாலையின் மகன். இரண்டு வயசு இருக்கும். மூன்று நாள் கண் மூடாத பாஞ்சாலை சுவரோரம் மயங்கிக் கிடந்தாள்.

"அஜ்மத்து, பையனைக் கொஞ்சம் புடிச்சிக்கிறியா? வேற ஆள் இல்ல" என்றாள் சந்திரம்மாள்.

ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பையனின் தொண்டையிலிருந்து ரம்பம் இழுப்பதுபோல் சத்தம் வந்தது. மூட்டையிலிருந்து ஒன்றை உருவி மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஊசி ஏறி முடிவதற்குள் பையன் இரண்டு முறை அவள் முகத்திலேயே இருமினான். துணி நனைந்தது.

டாக்டர் மாத்திரை கொடுத்து, ஐந்து நாள் குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கச் சொன்னார். அவள் வீட்டுக்குள் போகவில்லை. தெருவில் நின்றபடியே கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. தையல் மெஷினைத் தூக்கிப்போய், அவள் தங்கப்போகிற பின்கட்டு விறகுக் கொட்டகையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மெஹரு கொட்டகைப் படல் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். அஜ்மத் கைக்கண்ணாடியில் தன் தொண்டையைப் பார்ப்பாள். சற்று நேரம் தைப்பாள். மறுபடி பார்ப்பாள். எச்சில் விழுங்கினால் வலிக்கிறதா என்று விழுங்கி விழுங்கியே தொண்டை காய்ந்தது.

நாலாம் நாள் காலையில் அப்துல் ரசாக் படலுக்கு வெளியே வந்து நின்றார்.

"மெஹருக்கு உடம்பு சுடுது."

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் பின்னால் போனாள். குழந்தை அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே போனது. தேரடித் தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கை அமுக்கி மறுபடியும் பார்த்தார். அஜ்மத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோல் எதுவும் இல்லம்மா. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான்."

அவள் பிடித்திருந்த கதவை விட்டாள். காய்ச்சல் விட்டதும் அடுத்த ஊசியைப் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, கூட்டிவருகிறேன் என்றாள். சந்திரம்மாள் வந்து சொன்னாள், பாஞ்சாலை மகன் பிழைத்துக்கொண்டான், நேற்று கஞ்சி குடித்தான் என்று. அந்த வார்டுக்கு இன்னும் ஏழு பிள்ளைகள் வந்திருந்தார்கள்.

"இன்னொரு முப்பது வேணும்" என்றாள்.

"தைக்கிறேன் சிஸ்டர். ஆனா உள்ள மட்டும் கூப்பிடாதீங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்குது."

சந்திரம்மாள் தன் மாஸ்க்கின் நாடாவை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றாள்.

டாக்டர் சொன்ன ஐந்து நாளில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அஜ்மத் கொட்டகைக்குத் திரும்பிப் போய், மிச்சமிருந்த வேட்டியை உதறி விரித்தாள். கத்தரி நேராக ஓடவில்லை. கோணிய ஓரத்தைத் தள்ளிவிட்டு, மறுபடி வெட்டத் தொடங்கினாள்.