பாதி நங்கூரம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நான் அந்தக் கதவைக் கெடுத்துவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுத விட்டால், அதற்குள் எனக்குச் சாதகமான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன்.

மல்லாவியில் தயாபரன் அண்ணையின் கராஜில் நான் சேர்ந்து ஏழு மாதம். பகலில் அங்கே தகடு தட்டுவது, பள்ளங்களைப் பட்டிப் பசையால் நிரப்புவது, பெயின்ற் அடிப்பது. கிழமையில் மூன்று நாள் மாலை துணுக்காயில் வாகன உடல் திருத்த வகுப்பு. வகுப்பில் பதினெட்டுப் பேர். பெண் நான் மட்டும். அன்றன்று படித்ததையும் செய்ததையும் ஒரு கொப்பியில் எழுதுவேன். என்னோடு வேலை செய்யும் சுஜிதன் அதைப் பார்த்து, "டொக்டர் ஜெயரூபி, நோயாளி பிழைப்பாரோ?" என்று பகிடி பண்ணுவான்.

இந்த நோயாளி ஒரு பழைய லான்ட் றோவர். கூரைத் துணி இல்லை. பச்சை நிறம் வெயிலில் வெளிறி, சில இடத்தில் பாசி போலவும் சில இடத்தில் சாம்பல் போலவும் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த யாக்கோப்பு ஐயா. ஒரு காலத்தில் அதில் கயிறு கட்டித்தான் வள்ளங்களைக் கரைக்கு இழுத்தாராம். 2009இல் இடம்பெயர்ந்தபோது மணலில் விட்டுவிட்டுப் போனார். போன வருசம் நெடுங்கேணிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் ஏற்றிக்கொண்டு அது நின்றதைக் கண்டிருக்கிறார். சூளைக்காரர் அதை யாரோ ஒருவரிடம் பழைய இரும்பாக வாங்கியிருந்தார். "கொண்டு போய்ப் பாருங்கோ, உங்கட எண்டு கந்தோர் எழுதித் தந்தால் நான் சண்டைக்கு வரமாட்டன்" என்று சொல்லிவிட்டார்.

மோட்டார் வாகனக் கந்தோரில் எழுதி வாங்குவதுதான் கஷ்டம். பதிவுப் புத்தகம் இடப்பெயர்வில் போய்விட்டது. அடிச்சட்டத்தில் பொறித்திருந்த செசி நம்பரை உப்புக் காற்று தின்றுவிட்டது. மூன்று இலக்கம்தான் தெரிகிறது. எஞ்சினைச் சூளைக்காரர் மாற்றிவிட்டார். மிஞ்சியவை இரண்டே இரண்டு. 2003இல் கோயில் திருநாளன்று எடுத்த ஒரு படம். வாகனத்தில் இருக்கும் பழைய பெயின்ற். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்றால் யாக்கோப்பு ஐயா இடப்பக்கக் கதவில் ஒரு நங்கூரம் கீறியிருந்தார். அதன் கீழே பெயின்ற் மூன்று கோடாக வடிந்திருந்தது. படத்திலும் அந்த மூன்று கோடும் தெரிந்தன. வியாழக்கிழமை கந்தோரிலிருந்து ஒரு பரிசோதகர் கராஜுக்கே வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

"எஞ்சினைப் பாருங்கோ, பிறேக்கைப் பாருங்கோ" என்று யாக்கோப்பு ஐயா சொல்லியிருந்தார். "சூளையில அப்பின பட்டியை மட்டும் எடுங்கோ. என்ர பெயின்ற் ஒரு பொட்டும் போகக்கூடாது."

"கழுவலாமோ ஐயா?" என்று கேட்டேன்.

"தண்ணியால கழுவு. சவுக்காரமும் வேண்டாம்."

எது அவருடைய பெயின்ற், எது சூளையில் அப்பியது என்று பிரிக்கும் வேலை என்னுடையது. வகுப்பில் சொல்லித்தந்த முறை இது: ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்த வேண்டும். பிடித்தால் அடியில் இரும்பு. பிடிக்காவிட்டால் பட்டி. வான், உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி எல்லாவற்றிலும் நான் இப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஒருதரமும் பிழைத்ததில்லை.

திங்கட்கிழமை தயாபரன் அண்ணை பிறேக் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போய்விட்டார். நான் இடக்கதவில் தொடங்கினேன். கதவின் இரும்புப் பிணைச்சலில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பிடித்தது. காந்தம் சரி. கதவில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. மேலே, நடுவே, கீழே வைத்துப் பார்த்தேன். மூன்று தரம் பார்த்தேன். பிறகு கொப்பியில் இப்படி எழுதினேன்: "இடக்கதவு முழுவதும் பட்டி. நங்கூரம் பிறகு கீறியது. உண்மையான நங்கூரம் அடியில் இருக்கலாம்."

சூளையில் வேலை செய்கிறவன் எதற்காக மினக்கெட்டு ஒரு நங்கூரம் கீற வேண்டும் என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அடியில் இருக்கும் உண்மையான நங்கூரத்தை வெளியே எடுத்துக் காட்டினால் யாக்கோப்பு ஐயா எப்படிச் சந்தோசப்படுவார் என்றுதான் யோசித்தேன்.

சுரண்டும் தகட்டால் மெதுவாகத் தொடங்கினேன். பட்டி வரவில்லை. சாண்ட் பேப்பர் எடுத்தேன். உள்ளங்கை அளவு இடம் போனபோது அடியில் வெள்ளி போல ஒன்று மினுங்கியது.

சுஜிதன் வந்து பார்த்தான். "என்னடி, சோத்துச் சட்டி மாதிரி மினுங்குது? இது அலுமினியமெல்லோ! காந்தம் எப்பிடிப் பிடிக்கும்?"

"உனக்கு முதலே தெரியுமோ?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

நான் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். வலக்கதவு, பொனற், முன் மட்காட். எதிலும் பிடிக்கவில்லை. வாகனத்தின் மேல்தகடு முழுவதுமே அலுமினியம். வேறு ஒரு தகட்டில் ஒரே ஒரு தரம் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே இடத்தில் மூன்று தரம் பார்த்தேன்.

நங்கூரத்தின் வலப்பாதி போய்விட்டது. மூன்று வடிசலில் இரண்டு போய்விட்டன.

தயாபரன் அண்ணை இரண்டு மணிக்கு வந்தார். பேசுவார் என்று நினைத்தேன். அவர் குந்தியிருந்து கதவைக் கன நேரம் பார்த்தார்.

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை அண்ணை. சுஜிதன் கண்டவன்."

"கலர் சேர்க்கிறதில நீ கெட்டிக்காரி. வியாழனுக்குள்ள போட்டு விடு."

"அண்ணை, அது அவரின்ர அத்தாட்சியெல்லோ."

"அதைத்தான் திருப்பி வைக்கச் சொல்லுறன். இருந்ததுதானே? இல்லாததையோ கீறச் சொல்லுறன்?"

அவர் சொன்னதில் எது பிழை என்று இன்றைக்கும் ஒரு வசனத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாக்கோப்பு ஐயா தன் வாகனத்தை இழந்தால் அது என்னால்தான் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் போட்டேன்.

பச்சை மூன்றாம் தரம்தான் சரிவந்தது. காய்ந்ததும் மினுக்கம் போக ஈரச் சாக்கால் தேய்த்தேன். தேயிலைச் சாயம் பூசினேன், செங்கல் தூள் தூவித் துடைத்தேன். நங்கூரத்தை, ரெலிபோனில் நான் பிரதி எடுத்து வைத்திருந்த அவருடைய படத்தைப் பார்த்துக் கீறினேன். வடிசல்தான் பெரிய பாடு. தெரியாமல் வடிவது லேசு. வேண்டுமென்று வடிய விட்டால் நேராக ஓடிவிடுகிறது. புதன்கிழமை மத்தியானம் நான் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே எது என்னுடையது என்று தெரியவில்லை. ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகு தேயிலைச் சாயம் இருந்த பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் யாக்கோப்பு ஐயா வந்தார். நேரே அந்தக் கதவடிக்குத்தான் போனார்.

"இஞ்சை பார் பிள்ளை, இந்த மூண்டு வடிசலையும். தூரிகையில கூட அள்ளிப்போட்டன். என்ர மனுசி சுசிலா அண்டைக்குப் பேசின பேச்சு! 'வள்ளம் வடிவா நிக்குது, கதவு மூக்கு வடிக்குது' எண்டு." சிரித்தார். அவருடைய விரல் நடு வடிசலில் மேலும் கீழும் போனது. அது நான் போட்டது.

நான் வாயைத் திறந்தேன். "ஜெயரூபி, அந்தப் பதினாலாம் நம்பர்ச் சாவியைக் கொண்டா" என்று தயாபரன் அண்ணை உள்ளேயிருந்து கூப்பிட்டார். நட்டு முறுக்கும் அந்தச் சாவியை நான் கொண்டு போனேன். அவர் கையில் ஏற்கெனவே பதினாலாம் நம்பர்ச் சாவி இருந்தது. திரும்பி வரும்போது யாக்கோப்பு ஐயா போய்விட்டார்.

அன்று மாலை வகுப்பில் ஆசிரியர் என்ன படிப்பித்தார் என்று தெரியாது. கொப்பியில் திகதி மட்டும் இருக்கிறது.

வியாழக்கிழமை பத்தரைக்குப் பரிசோதகர் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் கதைக்காத ஆள். செசியில் மிஞ்சிய மூன்று இலக்கத்தை எழுதினார். பிறேக்கை மிதித்துப் பார்த்தார். பிறகு யாக்கோப்பு ஐயாவின் படத்தை வாங்கிக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"நங்கூரம் நீங்கள் கீறினதோ?"

"ஓம் சேர். என்ர கை."

"எந்த இடத்தை வைச்சு உங்கட கை எண்டு சொல்லுவீங்கள்? தொட்டுக் காட்டுங்கோ."

யாக்கோப்பு ஐயா யோசிக்கவேயில்லை. நடு வடிசலில் விரலை வைத்தார்.

பரிசோதகர் அதே இடத்தில் பெருவிரல் நகத்தை அழுத்தினார். எடுத்தபோது பிறைத்துண்டு போல ஒரு தடம் நின்றது.

"ஐயா, இது அடிச்சு ஒரு கிழமையும் இல்லை."

"இல்லை சேர், இருவது வருசத்துக்கு மேல."

"நகம் இறங்குதே. படத்தைப் பார்த்து ஆரைக் கொண்டு கீறுவிச்சனீங்கள்?"

யாக்கோப்பு ஐயாவின் முகம் எனக்கு விளங்கவில்லை. கோபமில்லை. கை மட்டும் கதவிலேயே இருந்தது. தயாபரன் அண்ணை நிலத்தைப் பார்த்தார். பரிசோதகர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தப் பேனா தாளைத் தொட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"சேர், அது நான் போட்டது. அவருக்குத் தெரியாது."

என் குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. காந்தத்தை, சாண்ட் பேப்பரை, தேயிலைச் சாயத்தை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். யாக்கோப்பு ஐயா இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"அப்ப மிச்சத்தையும் நீர் கீறேல்லை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

"என்ர பெயின்ற் இன்னும் முழுசாக் காயேல்லை சேர். தின்னர் பட்டால் கரைஞ்சு வந்திடும். பழசு வராது."

வரக்கூடும் என்ற பயமும் இருந்தது. உப்பும் வெயிலும் தின்ற பெயின்ற். எவ்வளவு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வேறு வழி இல்லை. துணியில் தின்னரை நனைத்து, என்னுடைய பக்கத்திலிருந்து தொடங்கித் துடைத்தேன். இரண்டு நாள் வேலை கரைந்து துணிக்கு வந்தது. வெள்ளி மினுக்கம் திரும்ப வந்தது. விளிம்புக்குப் போனபோது என் கை நின்றுவிட்டது.

"தாரும்" என்று பரிசோதகர் துணியை வாங்கினார். சுத்தமான பக்கத்தைத் திருப்பி, மிஞ்சிய பாதி நங்கூரத்தின் மேல் தேய்த்தார். திரும்பவும் தேய்த்தார். நான் எண்ணினேன்; பதினொரு தரம். துணியைப் பார்த்தார். கொஞ்சம் ஊத்தை. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை.

மிஞ்சியிருந்த ஒற்றை வடிசல், கீழே ஒரு ஆணித் தலையில் முட்டி இரண்டாகப் பிரிந்து ஓடியிருந்தது. பரிசோதகர் படத்தை ரெலிபோனில் எடுத்துப் பெருப்பித்தார். படத்திலும் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. நான் அந்த ஆணியைக் கவனித்திருக்கவேயில்லை.

அவர் எழுதினார். என்னைக் கூப்பிட்டு ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். "காரணம் என்னெண்டு போட?"

"காந்தம் பிடிக்கேல்லை எண்டு போடுங்கோ சேர்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இருக்கிற பாதி போதும் ஐயா" என்று யாக்கோப்பு ஐயாவிடம் சொன்னார். "உங்கட எண்டு பரிந்துரைக்கிறன். கடிதம் வரும். ஆனா அந்தப் பூச்சு என்ர நகத்துக்குத் தப்பியிருந்தா, பிறகு ஆரும் கண்டுபிடிச்சு உங்கட கேஸ் முழுக்கப் பொய் எண்டிருப்பினம்."

பரிசோதகர் போனபிறகு தயாபரன் அண்ணை யாக்கோப்பு ஐயாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். ஐயா அதில் இருக்கவில்லை. வாகனம் கிடைத்துவிட்டது. முகத்தில் அந்தச் சந்தோசம் இல்லை.

"நான் விரலை வைச்சனான்" என்றார் என்னிடம். "என்ர எண்டுதான் வைச்சனான்."

"நான் சொல்லியிருக்க வேணும் ஐயா. நேற்றே."

"ஓம். சொல்லியிருக்க வேணும்." கதவைவிட்டுத் தள்ளி வந்தார். பிறகு, "வேற எங்கையெல்லாம் தொட்டனி?" என்று கேட்டார்.

"வேற இடத்தில இல்லை ஐயா."

"ஒவ்வொண்டாக் காட்டு."

முன் மட்காட்டில் தொடங்கினோம். தண்ணீர் மட்டும் என்றேன். பொனற், தண்ணீர் மட்டும். "உண்மையாவோ?" என்றார். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார்; திரும்பவும் சொன்னேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தையும் தொடவில்லை. துணுக்காய் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

வலக்கதவின் கீழ்மூலையில் பெயின்ற் கொஞ்சம் உரிந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். சூளையில் உரிந்ததா, பிறேக் வேலைக்கு ஜாக்கி வைத்தபோது உரிந்ததா? இல்லை என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

"இது தெரியாது ஐயா. நாங்களாயும் இருக்கலாம்."

அவர் அந்த இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து, உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்தார்.

"சரி. பின்பக்கம் வா" என்றார்.