உள்ளே விட்ட துணி

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்கள்: தையல் மெஷினுக்குப் பின்னால் அம்மா. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பெரியவள். அவள் பக்கத்தில், துணிக்கடையில் புது மாடல்கள் விற்கும் அவள் புருஷன். கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டு நடுவுலவள். கதவோரம், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாகக் கடைக்குட்டி. அப்புறம், ஹாங்கரில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு. அதையும் ஆள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அந்த வீட்டில் முதல் மரியாதை அதற்குத்தான்.

யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போவதற்காக அம்மா தன் கையால் தைத்துக்கொண்ட கோட்டு அது. வேலை கிடைத்தது. பெரியவள் அதைப் போட்டுக்கொண்டு போய் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் உட்கார்ந்தாள். நடுவுலவள் போட்டுக்கொண்டு போய் இன்ஷூரன்ஸில் உட்கார்ந்தாள். போனது பெண்கள்தான் என்றாலும், வேலை வாங்கியது கோட்டுதான் என்பது அம்மாவின் கட்சி.

அந்த வீட்டில் எல்லாமே மேலிருந்து கீழே 'இறங்கும்'. செருப்பு இறங்கும், பள்ளிக்கூடப் பை இறங்கும், மழைக்கோட்டு இறங்கும். வாசல் சாவிகூட இறங்கித்தான் வரும். நடுவுலவள் கல்யாணமாகிப் போனால்தான் கடைக்குட்டிக்குச் சாவி. பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் பட்ட துணி எல்லாம் இன்னொருத்தி முழங்கையில் தேய்ந்து வந்தவை.

இன்றைக்கு அவள் முறை. ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தவளை, வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறோம், வந்து பேசு என்று கூப்பிட்டிருந்தார்கள். கோட்டு போட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எந்தக் கோட்டு என்று சொல்லவில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அவள் கையில் அத்தான் கடையில் வாங்கின நீலக் கோட்டு ஒன்று இருந்தது.

"அதைக் கீழ வை" என்றாள் அம்மா. "இதைப் போடு."

"அது எனக்குப் பத்தாதும்மா. நேத்தே போட்டுப் பார்த்தேன். மூச்சு விட்டா பட்டன் தெறிக்குது."

"பிரிச்சு விடறேன். அந்தக் காலத்துத் தையல்டி. உள்ளே துணி விட்டுத் தைச்சிருக்கேன். உன் நீலத்தைப் பிரிச்சா உள்ளே என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. ஒட்டத் தைச்சா அது துணி இல்ல, தலையணை உறை."

"அத்தை, எங்க கடைச் சரக்கை இப்படிச் சொல்லலாமா?" என்றார் அத்தான்.

"நீங்க விக்கறீங்க, போடறதில்லையே மாப்பிள்ளை. உங்க சட்டை எங்க வாங்கினது?"

அத்தான் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அது அம்மா தைத்தது. பெரியவள் சிரித்தாள்.

"பழசெல்லாம் உறுதிங்கறியே" என்றாள் கடைக்குட்டி. "நீ தைச்ச மத்ததெல்லாம் எங்கம்மா? தரை துடைச்சுக் கிழிஞ்சு குப்பைக்குப் போச்சு. இது ஒண்ணுதான் தப்பிச்சது. தொண்ணூறு வயசுக்காரரைக் காட்டி, அந்தக் காலத்துல யாரும் சாகவே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"வாய் மட்டும் புதுசா வாங்கிட்டு வந்திருக்கா" என்றாள் நடுவுலவள்.

அம்மா கோட்டை மெஷின்மேல் கவிழ்த்துப் போட்டு, உட்புறத்து லைனிங்கை விலக்கி, பக்கத் தையலைப் பிரித்தாள். பிரிப்பதிலும் அவள் கெட்டிக்காரி. நூல் அறுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பிரித்தவள் நின்றாள். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

கடைக்குட்டி கிட்டே போய்ப் பார்த்தாள். துணி நெடுக ஊசித்துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒரு வரிசை அம்மாவின் உடம்பு. அதற்கு உள்பக்கமாகப் பெரியவள். இன்னும் உள்ளே, ஒல்லியான நடுவுலவள். கடைக்குட்டி அம்மாவைவிடப் பெரிய உடம்புக்காரி; அவளுக்காக அம்மாவின் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டிய துணி இல்லை. கத்தரியால் நேராக வெட்டி எடுத்திருந்தது.

"உள்ளே விட்ட துணி எங்கம்மா?"

"எனக்கு இடுப்புல உறுத்துச்சு" என்றாள் நடுவுலவள், சீப்பை நிறுத்திவிட்டு. "நான்தான் வெட்டச் சொன்னேன்."

"அவ சொன்னா நீ வெட்டிடுவியாம்மா? தையல்காரி கத்தரி எங்க வேணா படலாம், விட்ட துணியில மட்டும் படக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"உனக்கும் ஒருநாள் கோட்டு போடற வேலை வரும்னு அப்ப யாருடி நினைச்சா?"

அம்மா அதைத் திட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரியவள் காலை மடக்கிக்கொண்டாள்.

"கைக்குக் கீழ ஒட்டுப் போட்டுத் தரேன்" என்றாள் அம்மா, சுருதி கொஞ்சம் இறங்கி. "வேற துணிதான். கையைத் தூக்காம இருந்தா தெரியாது."

"அங்க ரூம் சாவிப் பலகை என் தலைக்கு மேல மாட்டியிருக்கும்மா. நாள் பூரா கையைத் தூக்கறதுதான் வேலையே."

அவள் நீலக் கோட்டை எடுத்தாள். அம்மா எட்டி அதன் ஓரத்தைப் பிடித்தாள். கீழ்மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூல்நுனியை விரலில் சுற்றி, "பாரு, உன் புதுசோட லட்சணத்தை" என்று ஒரு இழு. சர்ரென்று மொத்த மடிப்பும் அவிழ்ந்து தொங்கியது. ஒரே இழுப்பு. வீம்புக்கு இழுத்த அம்மாவே அவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை போல. கையில் சுருண்டு கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை!" என்றார் அத்தான். "பில் இருந்தா மாத்திக் குடுக்கறேன், ஆனா கடை திறக்க நேரமாகுமே."

கடைக்குட்டி அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அலமாரியைத் திறந்து பெரியவளின் பழைய ஆபீஸ் ஸ்டேப்ளரை எடுத்தாள். மடிப்பை உள்பக்கமாக மடக்கி, தரையில் உட்கார்ந்து, டக் டக்கென்று அடித்துக்கொண்டே போனாள்.

"ஐயோ, துணிக்கு ஸ்டேப்ளரா!" அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தன் இத்தனை வருஷத் தொழிலையே யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"நீ சொன்னது சரிதாம்மா" என்றாள் கடைக்குட்டி, நிமிராமல். "உன் தையல்தான் தையல். இது குப்பைதான். இந்த வருஷம் தாங்காது. ஆனா உன் கோட்டுல உனக்கு இடம் இருக்கு, அக்காவுக்கு இடம் இருக்கு, இவளுக்கு இடம் இருக்கு. எனக்கு விட்ட இடத்தைக் கத்தரிச்சுப் போட்டாச்சு. இந்தக் குப்பை என் அளவுக்கு இருக்கு. என் அளவுக்குன்னு இந்த வீட்டுக்குள்ள வந்த முதல் துணி இதுதான்."

"வேலை கிடைக்காது பாரு. கோட்டைப் பார்த்தே துரத்துவாங்க."

"துரத்தினா துணியைத்தானே துரத்துவாங்க. நான் நாளைக்கு வேற துணியில போவேன்."

"அடேயப்பா." அம்மா எழுந்தாள். இறங்கிய சுருதி மறுபடி ஏறிவிட்டது. "அந்தக் கந்தலைப் போட்டுக்கிட்டு வாசல் தாண்டினா, வேலையோட வா. இல்லைன்னா அதை எந்தக் கடையில வாங்கினியோ அங்கேயே போய்ப் படுத்துக்கோ."

"எங்க கடையில ராத்திரி ஆளை விட மாட்டாங்க அத்தை" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில்.

கடைக்குட்டி கோட்டை மாட்டிக்கொண்டாள். தோள் சரியாக உட்கார்ந்தது. பட்டன் போட்டாள், மூச்சும் விட்டாள். ஸ்டேப்ளர் கம்பி ஒன்று தொடையில் குத்தியது. குத்தட்டும் என்று விட்டாள்.

"ஏய், என் சாவியையாவது எடுத்துட்டுப் போ" என்று நடுவுலவள் நீட்டினாள்.

"வேண்டாம். அதுவும் இறங்கி வர்றதுதான்."

வெளியே வந்து, நடைபாதையை ஒட்டிய கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். அக்குளில் ஏதோ ஒரு தையல் கிறீச்சென்றது. பிரியவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். பின்னால், பிரித்த கோட்டைத் தோளில் போட்டபடி வாசலில் நின்ற அம்மா அதைப் பார்த்துவிட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.