லோரீனைப் பிடிவாதக்காரி ஆக்கிய வரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் டிராக்டர் இழுவைப் போட்டிச் சங்கம் போன வாரம் விட்ட அறிக்கையில் ஒரு வரி: “எச்சரிக்கையை மீறி லோரீன் ஹாக் வண்டியை எடுத்தார்.” பச்சைப் பொய். போட்டிக்கு முன் வண்டிகளைச் சோதித்து, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுகிறவன் நான். பெயர் ஹார்லன்.

2

என் முதல் தொடக்கம்: “லோரீன் பிடிவாதக்காரி. 1952ஆம் வருடத்து டிராக்டருக்குள் அறுவடை இயந்திரத்தின் எஞ்சினைத் தனியாளாக இறக்கி வைத்தவள் வேறு எப்படி…”

(அடித்துவிட்டேன். அறிக்கையின் பொய்யைத்தான் நானும் அழகான நடையில் சொல்லியிருக்கிறேன். அவள் பிடிவாதக்காரியானால் நான் தப்பித்தேன் அல்லவா?)

3

நடந்தது இதுதான். பழைய டிராக்டரில் பெரிய எஞ்சினை வைத்தால், எஞ்சினுக்குப் பின்னால் சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் அந்த வேகம் தாங்காமல் வெடிக்கலாம். அதைச் சுற்றி எஃகுக் கவசம் இருக்க வேண்டும். லோரீன் கேட்டிருந்த கவசம் வந்து சேரவில்லை.

“நான் இன்னிக்கு இழுக்கல, ஹார்லன். பேரை அடிச்சிடு” என்றாள் அவளே வந்து.

சங்கத் தலைவர் கார்வின் பக்கத்தில் நின்றார். “மத்தியானத்துலேருந்து ஜனம் வெயில்ல காயுது. பாதிப் பேரு உன் வண்டியப் பாக்கத்தான் வந்திருக்கான். பயமா இருந்தா சொல்லு, அந்தத் தின்பண்டக் கடையில ஆப்பிள் கேக் விக்க ஆள் தேடுறாங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (இந்த வாக்கியத்தை நான்கு முறை எடுத்துவிட்டு, நான்கு முறையும் திரும்பப் போட்டேன்.)

அவள் கார்வினைப் பார்க்கவில்லை. “நீ சொல்லு, ஹார்லன். ஓட்டலாமா?”

“ஒரு தடவதானே. ஒண்ணும் ஆகாது.”

கையெழுத்துப் போட்டேன்.

4

டிராக்டருக்குப் பின்னால் கட்டிய எடைப்பெட்டியை இருநூறு அடி இழுத்திருந்தாள். அப்போது அந்தச் சத்தம், வானம்…

(முடியவில்லை. உவமை தேடுகிற என் கையை வெட்ட வேண்டும்.) சக்கரம் வெடித்தது. ஒரு துண்டு அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போனது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், நான் சங்கக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறேன், கார்வின் தலைகுனிகிறார். மற்றதில், வாயை மூடிக்கொண்டு ஆயுள் முழுக்க வெந்து சாகிறேன். இரண்டையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போனேன்.

லோரீன் படித்தாள். தாள்களை என் மடியில் எறிந்தாள்.

“ரெண்டுலயும் நீதான்யா கதாநாயகன். என் கால் எங்க?”

தாள்களைப் பொறுக்கி அடுக்கினேன்.

“நாளைக்குக் கூட்டம் இருக்கில்ல? அங்க போய்ச் சொல்லு. இங்க வந்து கதை படிக்காத.”

6

ஆகவே முடிவை எழுதவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது கூட்டம் முடிந்திருக்கும். நான் பேசியிருந்தால் இந்த அயோவா மூலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால், மிச்சத்தை நீங்களே எழுதுங்கள். என்மேல் இரக்கப்பட்டு மட்டும் எழுதிவிடாதீர்கள்.