இரண்டாம் நம்பர் வண்டி

இப்போதெல்லாம் மனிதர்கள் ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்ப்பதே இல்லை. போனைத் தூக்கி நாலு படம் எடுக்கிறார்கள். எங்கோ இருக்கிற எவனுக்கோ அனுப்புகிறார்கள். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டே 'அதேதான்' என்று பதில் போடுகிறான். இவர்களும் தலையை ஆட்டிவிடுகிறார்கள். வீடு வாங்குவதும் இப்படித்தான், வைத்தியம் பார்த்துக்கொள்வதும் இப்படித்தான். கேட்டால் நேரமில்லையாம். மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றுதான் கிழவருக்கு விளங்கவில்லை.

அவருக்கு வெல்டிங் தொழில். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எண் வாசிப்பார், எழுத்து தடுமாறும். பால் வெள்ளை என்று சொன்னால்கூட 'எங்கே, கொண்டு வா, பார்ப்போம்' என்கிற ஆள். தெருவில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பட்டப்பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவர்கள் நிஜமாகவே தன்னைத்தான் சொல்கிறார்களா என்பதில்கூட அவருக்குச் சந்தேகம் உண்டு.

பழைய இரும்புக்காரர் ஒருவர் கிழவருடைய மகளின் போனுக்கு ஒரு படம் அனுப்பி, 'உங்க தம்பி ஓட்டின வண்டி மாதிரி இருக்கு' என்று சொன்னபோது, கிழவர் படத்தைப் பார்க்க மறுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். கிடங்கின் பின்சுவரோரம் அது நின்றது. கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, தானியத்தைத் தனியாகக் கொட்டுகிற பழைய காலத்துக் கம்பைன். முன்னால் இருக்க வேண்டிய வெட்டும் பாகம் இல்லை. டயர்கள் வெடித்து, வண்டி மண்ணில் முட்டி போட்டிருந்தது. கிழவர் ஒரு சுற்று வந்தார். மேலே ஏறவில்லை.

"அடுத்த வாரம் வெட்டிப் போடப் போறேன் பெரியவரே," என்றார் இரும்புக்காரர். "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, மாமியார் மாதிரி."

கிழவர் சிரிக்கவில்லை. தன் பட்டறையிலிருந்த லேத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் சோறு போட்ட லேத். சந்தேகத்துக்கு மூளை பிசகிவிட்டது என்று தெரு பேசியது.

காரணம் மகளுக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கும். நிறுத்தினால் மறுபடி கிளப்ப நாலு பேர் வேண்டும். ஆகவே உள்ளே வைக்கோல் அடைத்துக்கொண்டால், ஓட்டுகிறவர்கள் என்ஜினை நிறுத்த மாட்டார்கள். லிவரை மேலே தூக்கி, பக்கத்துத் தகட்டில் இருக்கிற பல்லில் மாட்டுவார்கள். கதிரடிக்கிற டிரம் நின்றுவிடும். உள்ளே இறங்கிக் கையால் அடைப்பை எடுப்பார்கள். எல்லா ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கிழவரின் மகன் வண்டி ஓட்டிய முதலாளியிடம் ஒரே மாதிரி மூன்று வண்டிகள் இருந்தன. மூன்றிலும் அந்தப் பல் தேய்ந்து, தூக்கிய லிவர் தானாக விழ ஆரம்பித்தது. கிழவர்தான், அன்றைக்குக் கிழவரில்லை, ஒரே நாளில் மூன்றுக்கும் வெல்டு வைத்துப் பல்லை உயர்த்தி அரம் போட்டுக் கொடுத்தார். எட்டாம் நாள் இரண்டாம் நம்பர் வண்டியில் அடைப்பெடுக்க இறங்கிய மகன், டிரம் சுற்றியதில் செத்துப்போனான்.

லிவரைத் தூக்க மறந்துவிட்டான் என்று எழுதிக் கேஸை முடித்தார்கள். கிழவர் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பல்லைப் பார்க்கப் போனார். மூன்று வண்டிகளையும் முதலாளி விற்றுவிட்டிருந்தார்.

ஒன்று, மகன் மறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பன் வைத்த வெல்டு விட்டிருக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷமாக அவர் தொண்டையில் இறங்காமல் நிற்பது இந்த ஒன்றுதான்.

வண்டியை அடையாளம் பார்க்க மகள் ஒருவரை வரவழைத்தாள். உதிரிபாகக் கடையில் நாற்பது வருஷம் இருந்தவர். பழைய வண்டிகளின் பாகப் பட்டியலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் வண்டியைப் பார்த்து, வீட்டுக்கு வந்த பேத்தியைப் பார்ப்பது போலச் சிரித்தார்.

"இது மாதிரி முழுசா நாலோ அஞ்சோதான் மிச்சம் இருக்கும்ணே. எங்க பிடிச்சீங்க?"

"அதை விடுங்க. கதவுல தகடு இருக்கு, நம்பரைப் படிங்க," என்றார் கிழவர்.

"தகட்டை நம்பக்கூடாதுண்ணே. கதவைக் கழட்டி வேற வண்டிக்கு மாட்டினா நம்பரும் கூடவே போயிடும். சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்ற கதை அது."

கிழவருக்கு அந்த ஆள்மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

பட்டியல்காரர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். கம்பி பிரஷ் சரசரத்தது. பச்சைப் பெயின்ட் உதிர்ந்தது, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் மஞ்சள். அச்சில் வெட்டியிருந்த எண்ணை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மகள் பழைய கேஸின் போலீஸ் காகித நகலில் விரல் வைத்து ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கடைசி எண் ஏழு."

"ஆமாம்," என்றாள். காகிதத்தை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏழா, ஒண்ணா? நல்லா தேயுங்க," என்றார் கிழவர். பிறகு தானே முழங்கால் முறிய அடியில் புகுந்து, நகத்தை அந்தப் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தார். ஏழுதான்.

வெளியே வந்து ஏணியில் ஏறினார். லிவர் பல்லுத்தகட்டின் மேல் டீசலை ஊற்றித் துணியால் துடைத்தார். கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டினார். அது தெரிந்தது. மீன் செதில் போல அடுக்கடுக்காக, வலமிருந்து இடமாக ஓடிய வெல்டு. அவர் இடது கைக்காரர். சுற்று வட்டாரத்தில் வெல்டு அந்தப் பக்கமாக ஓடுவது அவருக்கு மட்டும்தான். ஒரு கீறல் இல்லை. லிவரைத் தூக்கினார். டக்கென்று பல்லில் உட்கார்ந்தது. உடம்பு பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுத் தொங்கினார். அசையவில்லை.

"யாரு வெச்ச வெல்டோ," என்றார் கீழேயிருந்த பட்டியல்காரர். "கெட்டிக்காரன்ணே."

மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தாங்கியிருக்குப்பா. உன் வெல்டு விடலப்பா. இனியாவது நிம்மதியா தூங்கு."

"அப்ப அவன் மறந்துட்டான்கிற."

"அப்படிச் சொல்லலப்பா."

"வேற எப்படிச் சொல்றது? ரெண்டுல ஒண்ணுதானே இருக்கு."

"மறந்தா என்னப்பா? பத்து நாளா சரியா தூங்காம ஓட்டினான். சின்ன வயசு. மறக்கிறது ஒரு குத்தமா? அதை அவன்கூட விட்டுட்டு நீ வெளிய வாப்பா."

மகன் சின்னதிலிருந்தே செருப்பைக்கூட ஜோடி சேர்த்துத்தான் விடுவான். அப்படிப்பட்டவன் மறந்தான் என்று இந்த இரும்பு சொல்கிறது. கிழவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தபின் கட்டைவிரலால் அதன் மூலைகளைத் தடவினார்.

"தம்பி, இந்தத் தகட்டுக்குக் கம்பெனி போட்ட போல்ட் எப்படி இருக்கும்?"

பட்டியல்காரர் பையைப் பிரித்துப் பக்கத்தைத் தேடினார். "தலையில மூணு கோடு இருக்கும்ணே. எல்லா போல்ட்லயும் போட்டிருப்பான்."

"அடிச்சட்டத்துல இருக்கிறதுல கோடு இருக்கா?"

"இருக்குண்ணே."

"இங்க நாலும் மொட்டை."

பட்டியல்காரர் ஏறி வந்து பார்த்தார். மொட்டைதான். மூக்கைச் சொறிந்துகொண்டார். "பெயின்ட் அடிக்கக் கழட்டியிருப்பாங்கண்ணே. பழசைத் தொலைச்சிருப்பாங்க."

"இவனா? விளக்குக் கண்ணாடி மேலயே பெயின்ட் அடிச்சிருக்கான். டயர்லயும் அடிச்சிருக்கான். இந்தத் தகட்டை மட்டும் கழட்டி வெச்சுப் பூப்போல அடிச்சானாக்கும்."

பட்டியல்காரர் குனிந்து போல்ட்டை இன்னொரு தரம் பார்த்தார்.

"மூணு தகடும் ஒரே அச்சு," என்றார் கிழவர். "ஒரே நாள்ல மூணுக்கும் வெச்சேன். என் வீட்டு மண்வெட்டிக்குக்கூட உளியால ஒரு குறி போடுவேன். அன்னைக்கு அவசரம், போடல. நான் போகாத அந்த மூணு நாள்ல யாராவது உடைஞ்ச தகட்டைக் கழட்டித் தூரப் போட்டுட்டு, மூணாம் நம்பர்ல இருந்த நல்ல தகட்டை எடுத்து இதுல மாட்டியிருந்தா? அதுலயும் என் வெல்டுதானே இருக்கும்."

"மத்த ரெண்டு வண்டியும் எங்கண்ணே?"

"ஒண்ணை உருக்கிட்டாங்களாம். ஒண்ணு எங்க போச்சுன்னு தெரியாது."

"அப்பா," என்றாள் மகள். அவள் குரலில் அழுகை போய் அலுப்பு வந்திருந்தது. "அதிர்வுல கழண்டு விழுந்து வேற போல்ட் போட்டிருக்கலாம். இருபத்தொன்பது வருஷத்துல எத்தனை கை மாறியிருக்கும். உனக்கு நல்லது சொன்னா நம்பவே தெரியாதாப்பா?"

"நம்பினா அவன் மறந்தவன். நம்பாட்டி நான் கொன்னவன். இதுல நல்லது எது, நீயே சொல்லு."

எதை நம்பினாலும் வீட்டில் ஒருவன் குற்றவாளி. எதையும் நம்பாமல் இருந்தால் இரண்டு பேரும் தப்பிப்பதில்லை.

கிழவர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். டீசல் துணியால் கையைத் துடைத்தார். லேத் இருந்த இடத்தில் சிமென்ட் தரையில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. அதைத் தாண்டி வாசலைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே," என்று பட்டியல்காரர் பின்னாலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "வண்டி இரண்டாம் நம்பர்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடட்டுமா?"

"வண்டி அதுதான், எழுதுங்க," என்றார் கிழவர் திரும்பாமல். "லிவர் தகட்டைப் பத்தி ஒரு வரி எழுதாதீங்க. அது யாரோடதோ."

வெளியே வெயில் ஏறியிருந்தது. அவர் நிழல் பக்கம்கூட ஒதுங்காமல், தெருவின் நடுவிலேயே போனார்.