ரப்பர் பசுவின் கன்று

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒப்பந்தப்படி, பிரசவம் பார்க்கப் பழகுவதற்காக அனுப்பிய ரப்பர் பசுவை, "பசங்க கைபட்டா பாழாயிடும்" என்று மூன்று வருடம் பூட்டியே வைத்திருந்தார் கால்நடைக் கல்லூரி முதல்வர். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அக்காவுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். அந்த வெளிநாட்டுக்கே போய் ஆறு மாதம் பயிற்சி எடுத்த மகானுபாவர், திரும்பியபின் ஒரு மாட்டின் வாலைக்கூடத் தொட்டதில்லை. பேச்சு மட்டும் வண்டி வண்டியாக வரும்.

இன்று அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியை பார்வையிட வந்ததால் பூட்டு திறந்தது. முதல்வர் நீளக் கையுறை மாட்டி, மாணவர்கள் நடுவே பசுவின் பின்புறம் தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆங், கன்னு சரியா திரும்பியிருக்கு. இதோ, மூக்கு தட்டுப்படுது."

பசுவின் வயிற்றுக்குள் வைப்பதற்காக அப்போதுதான் தூசி போகக் கழுவிய ரப்பர் கன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் லேப் அக்கா.

"அப்ப இத எங்க சார் வைக்கறது?"