ஷட்டர் இறங்கிய நேரம்

மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்காகக் கடையை மூடும்போதுதான் அது நடந்தது. தையற்காரி ஷட்டரைப் பிடித்து வேகமாகக் கீழே இழுத்தாள். அதே நொடியில் உருண்டை வெளியே பாய்ந்தது. உருண்டை என்பது நாய், நூலுருண்டை மாதிரி இருக்கும். ‘டங்’கென்று இரும்புப் பட்டை அதன் மண்டையில் இறங்கியது. நாய் சுருண்டு விழுந்தது. கண்மூடித் திறப்பதற்குள் எழுந்து, உடம்பை உதறி, அவள் காலை நக்கியது. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சொல்லியிருக்கலாம்தான், கண்ணுகளா. ஆனால் உருண்டை அவள் நாத்தனாரின் செல்லம். தைக்கிற துணியெல்லாம் நாய் முடி என்று தையற்காரி தினம் ஒரு பாட்டம் கத்துவாள். “என்னைக்காவது இத வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுவேன்” என்று முந்தாநாள்தான் வாயை விட்டிருந்தாள். கை தவறிப் பட்டது என்றால் யார் நம்புவார்கள்?

கடையை மறுபடி திறந்த பிறகு, மூன்றரை மணிக்கு உருண்டை வெட்டு மேசையைச் சுற்றத் தொடங்கியது. இடப்பக்கமாகவே சுற்றியது. பித்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார், செக்குமாடு தோற்றது போ என்று சிரித்தாள். நாய் மேசைக்காலில் மோதியது. மோதியதே தெரியாமல் மறுபடி அதிலேயே மோதியது. பிறகு வாந்தி எடுத்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்தது. நாத்தனார் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது.

எலி மருந்தைத் தின்றிருக்கும் என்று தையற்காரியின் கணவர் முடிவு கட்டி, உப்புத் தண்ணீர் கரைத்தார். நாத்தனார் நாயின் வாயைப் பிளந்து பிடித்தாள். மேசைமேல் ஃபோனில் மாட்டு டாக்டர் இருந்தார். தலையில் அடி ஏதாவது பட்டதா என்று அவர் கேட்க, காலையிலிருந்து எங்கள் கண்முன்னேதான் இருக்கிறது, அதெல்லாம் இல்லை என்றார் கணவர்.

தையற்காரி குனிந்து பார்த்தாள். நாயின் ஒரு கண்ணில் கருமணி ஊசிமுனையாய்ச் சிறுத்திருந்தது. மறுகண்ணில் அது விரிந்து கண்ணையே விழுங்கியிருந்தது. தம்ளர் நாயின் வாய்க்கு வந்துவிட்டது.

“அடி பட்டுச்சு. நான்தான். ஷட்டர இழுத்தப்போ தலையில விழுந்துச்சு.”

கணவர் தம்ளரைக் கீழே வைத்தார். ஃபோன் மட்டும் பேசியது.

“வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். கழுத்துப் பட்டயக் கழட்டுங்க. பலகையில படுக்க வச்சு, தலப்பக்கம் பலகையோட கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. கழுத்து மடங்கக் கூடாது. உடனே கெளம்புங்க.”

இஸ்திரிப் பலகையில் கிடத்தி ஆட்டோவில் ஏற்றினார்கள். தலைப்பக்கத்தைத் தையற்காரி பிடித்துக்கொண்டாள். வழியில் நாத்தனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ரெண்டு மணி நேரமா, அண்ணி?”

கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தாலும் தையற்காரி தாங்கியிருப்பாள்.

டாக்டர் பிராணவாயுக் குழாயை வைத்து, ஊசி போட்டார். மூளை வீங்கியிருக்கிறது, நாளைக் காலை தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். சீட்டு எழுதும் பெண் எப்படி அடிபட்டது என்று கேட்டாள். தையற்காரி நாத்தனாரைப் பார்த்தாள்.

“எங்க கடை ஷட்டர் விழுந்துடுச்சு. ஒண்ணர மணிக்கு. தெரியாம” என்றாள் நாத்தனார்.

அவள் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள். தையற்காரி உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.