கெட்டி ரப்பர்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வலை கட்டியிருக்கிறது. என் மனைவி கோதை உப்பு எடுக்க அந்தப் பக்கம் போன நேரத்தில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சாப்பாடு வலைக்கு மேலே வரும். ரசம் மட்டும் சிந்தும்.

அவள் பக்கத்தில் நின்று ஆடுகிறவர் மாடி வீட்டு எத்திராஜ். டேபிள் டென்னிஸில் அவரை ஜெயித்தால் வலையை அவிழ்த்துவிடுவதாக ஏற்பாடு. தோற்றால் வலை இருக்கிற இடத்தில் சுவர் எழுப்புவார்கள். செங்கல் வாசலில் வந்து இறங்கிவிட்டது.

நானும் அடித்துப் பார்க்கிறேன். எல்லாம் திரும்பி வருகிறது. என் மட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர் மெத்தென்றது. பந்து அதில் இறங்கி, இளைப்பாறி, மனசு வந்தால்தான் கிளம்பும். அதற்குள் எத்திராஜ் ஒரு காப்பி குடித்துவிடுகிறார்.

கடைசிப் புள்ளிக்கு அவர் பந்தைப் போட்டார். அது வலைக்கு மேலே வந்தபோது கோதை சொன்னாள்.

“என்னங்க, கெட்டி ரப்பரா வாங்கி ஒட்டிட்டு வந்து அடிங்க. பந்து இப்போதைக்கு இறங்காது.”

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னங்கதான். அந்த ஒரு சொல்லுக்கு நான் எங்கிருந்தாலும் திரும்பிவிடுவேன். மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படிக்கட்டு நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு தளத்திலும் எங்கள் வீட்டுக் கதவே இருந்தது. எட்டிப் பார்த்தேன். பந்து தண்ணீர் ஜக்குக்கு மேலே வந்திருந்தது. அடுத்த தளத்தில் ஊறுகாய் ஜாடிக்கு மேலே. இரண்டிரண்டு படியாகத் தாண்டினேன்.

மார்க்கண்டன் தன் கடையில் விளையாட்டுச் சாமானும் விற்பார், பள்ளிக்கூடச் சாமானும் விற்பார். வாய் நிறைய வெற்றிலை. கெட்டியாக, வேகமாக ஒரு ரப்பர் வேண்டும் என்றேன். அவர் என் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஆளே மெத்தென்று இருக்கிறீர்களே என்றார். கெட்டி ரப்பர் என்றால் முழுக் கையையும் வீச வேண்டுமாம், தடவிக் கொடுத்தால் வேலை செய்யாதாம். வீசுகிறேன் என்றேன்.

பிறகு ஒன்று கேட்டார். அடிக்கவா என்றாரா, அழிக்கவா என்றாரா, வெற்றிலைக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. துப்பிவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு ஏது நேரம். பந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

“அதுக்குத்தாங்க,” என்றேன்.

வெள்ளையாக ஒன்றை எடுத்து ஒட்டிக் கொடுத்தார். மட்டையில் சிவப்பும் கறுப்பும்தான் பார்த்திருக்கிறேன். முகர்ந்தேன். பென்சில் டப்பா வாசனை அடித்தது. ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பந்து மேஜையில் பட்டு எழுந்தது. முழுக் கையையும் வீசினேன்.

பந்து எத்திராஜின் தோளில் பட்டது. தோள் இல்லை. “நல்ல அடி சார்,” என்றார். பிறகு அவரும் இல்லை. பந்து காற்றிலேயே திரும்பி வலையைத் தொட்டது. வலை போயிற்று. வாசலுக்குப் போய்ச் செங்கலைத் தொட்டது. செங்கலும் போயிற்று. எனக்குக் கத்த வேண்டும்போலச் சந்தோஷம். திரும்பும் வழியில் அது கோதையின் நெற்றியை லேசாக உரசிவிட்டு மேஜைக்கடியில் உருண்டு நின்றது.

பொட்டு மட்டும் அழிந்திருந்தது. பரவாயில்லை, வேறு வைத்துக்கொள்ளலாம்.

வலை இருந்த இடத்தைத் தாண்டி அவள் என் பக்கம் வந்தாள். இதற்காகத்தானே இத்தனை பாடு. அருகில் வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“யாருங்க?” என்றாள்.

என் பெயரைச் சொன்னேன். அவள் வாயால் ஒருதரமும் சொல்லாத பெயர். தெரியவில்லை என்று தலையாட்டினாள். ஆனாலும் மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க. அவரு ரப்பர் வாங்கப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு.”

உட்கார்ந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.